லாரிக்கு அடியில் காய்ந்திருந்த தார்

மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் நான்குவழிச் சாலையில், சிட்டம்பட்டி சுங்கச்சாவடியைத் தாண்டி ஒத்தக்கடைப் பக்கம் நாலரை கிலோமீட்டர். பகலில் அங்கிருந்து பார்த்தால் யானைமலை படுத்திருப்பது தெரியும். 2023 ஐப்பசியில் ஓர் இரவு, இரண்டே முக்கால் மணி வாக்கில், அந்த இடத்தில் ஒரு கார் சிமென்ட் லோடு லாரியின் பின்பக்கம் புகுந்தது. காரில் இருந்தது ஒருவர்தான், 47 வயது. மகனைத் திருச்சியில் சிங்கப்பூர் விமானம் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். 108 வந்தபோது உயிர் இல்லை.

நேரில் பார்த்தவர் என்று யாரும் இல்லை. லாரி டிரைவர் இருந்தாரே என்று கேட்கலாம். அவர்தான் புகார் கொடுத்தவர். "நான் லாரியை சாலையின் இடதுபுறமாக மெதுவாக ஓட்டி வந்துகொண்டிருந்தபோது, பின்னால் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்த கார் மோதியது" என்பது எஃப்.ஐ.ஆரின் சாரம். அந்த 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற தொடர் நம்மூர் விபத்து எஃப்.ஐ.ஆர்களில் பிள்ளையார் சுழி மாதிரி. எந்த விபத்தானாலும் இருக்கும். ஆக, இறந்தவரே குற்றவாளி. குற்றவாளி உயிரோடு இல்லாததால் குற்ற வழக்கும் அதோடு முடிந்தது.

அவருடைய மனைவியும் மனைவியின் தம்பியும் காகிதக் கட்டோடு என்னிடம் வந்தது விபத்து நடந்து எட்டாவது நாள். வழக்கை நடத்திய வக்கீல் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வழக்கின் எலும்புக்கூடு அப்படியேதான் இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். அந்தம்மாவிடம் காரின் பாலிசியைக் கேட்டேன். அதில் உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் கிடைக்கிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தது. கார் அவர் பெயரில், லைசென்ஸ் நடப்பில். தப்பு யார் மீது என்பது இதற்குத் தேவையே இல்லை. எட்டு நாளாக வீட்டுக்கு வந்துபோன ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அதற்கு மனு எழுதிக் கொடுத்த பிறகுதான் லாரிக்கு வந்தோம்.

லாரியின் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 164-இன்படி யார் தப்பு என்று பார்க்காமலே மரணத்துக்கு 5 லட்சம் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று. சட்டப்படி சரியான யோசனைதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டு பிரிவு 166-இல் போடும் மனு செல்லாமல் போய்விடும். 47 வயதில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், படிப்பு முடியாத மகள், வயதான தாயார். 166-தான் வழி. அதில் தப்பு லாரி மீது என்று நாங்கள் நிரூபித்தாக வேண்டும். முழுத் தப்பும் இறந்தவர் மீது என்று ஆனால் ஒரு ரூபாயும் வராது. 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதக் கெடுவும் சட்டத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மதுரை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம்.

வழக்கு மொத்தமும் ஒரே கேள்வியில் தொங்கியது: மோதும்போது லாரி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா?

ஓடிக்கொண்டிருந்தால் நாங்கள் காலி. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் போதிய இடைவெளி விட்டு ஓட்டுவது பின்னால் வருகிறவரின் கடமை. 2018-இல் நிஷான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வைத்துத்தான் பின்னால் வந்த காரின் மீது தப்பைப் போட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருந்தார். விளக்குப் போடாமல் இருட்டில் நின்றிருந்தால் கதை வேறு. அதே 2018-இல் வந்த அர்ச்சித் சைனி வழக்கு நெடுஞ்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் நிறுத்தியிருந்த டேங்கர் மீது கார் மோதியது பற்றியது. காரை ஓட்டியவருக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2024 செப்டம்பரில், சுஷ்மா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே வழியில் போனது.

இந்த இடத்தில்தான் சாட்சி பிடித்துத் தருகிற ஓர் ஆள் வருகிறார். பிணவறை வாசலிலேயே தம்பியிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "சாட்சி இல்லேன்னு கவலைப்படாதீங்க தம்பி. அந்தப் பக்கம் டீக்கடை வச்சிருக்கவரு ஒருத்தரு இருக்காரு, நான் பார்த்தேன்னு சொல்லுவாரு." தம்பி என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், "சொல்லச் சொல்லலாமா சார்?" வேண்டாம் என்றேன். ரொம்ப யோக்கியன் என்று காட்டிக்கொள்வதற்காக இல்லை. இப்படித் தயார் செய்த சாட்சி கூண்டில் உடைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். போலீஸ் சாட்சிப் பட்டியலில் பெயர் இருக்காது. எந்தத் திசையில் லாரி நின்றது என்று கேட்டால் உளறுவார். அவர் உடைந்தால் அவரோடு போகாது. உண்மையான ஆவணங்களையும் நீதிபதி சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். சாட்சி இல்லாமல் வழக்குத் தோற்கலாம். பொய்ச் சாட்சியோடு தோற்றால் அப்பீலுக்கும் முகம் இருக்காது.

சட்டமும் நேர்சாட்சி இருந்தே தீர வேண்டும் என்று கேட்கவில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். 2009-இல் பிம்லா தேவி வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1977-இல் புஷ்பாபாய் உதேஷி வழக்கு. நாக்பூரிலிருந்து கிளம்பிய கார் நேரான சாலையில் வலது ஓரத்துக்குப் போய், ஒரு மரத்தில் மோதி அதைச் சாய்த்தது. ஓட்டியவர் அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று சொல்லச் சாட்சி இல்லை. நடந்ததே பேசுகிறது, ஏன் அங்கே போனது என்பதை எதிர்த்தரப்புதான் விளக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டிலிருந்து போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில், 1980-இல், நீதிபதி கிருஷ்ண ஐயர் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பஸ் டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையாகியிருந்தும் இழப்பீடு நின்றது. ஆக எஃப்.ஐ.ஆரில் யார் பெயர் இருக்கிறது என்பது வழக்கின் முடிவு இல்லை.

சரி, ஆனால் எங்கள் விபத்தில் 'நடந்தது' என்ன பேசியது? பின்னால் வந்த கார் முன்னால் இருந்ததில் மோதியது. அது பேசினால் எங்களுக்கு எதிராகத்தான் பேசும். எனவே ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டியிருந்தது.

இறந்தவரின் ஃபோனில் கடைசியாகப் பேசிய எண் தம்பியுடையது. போலீஸ் கூப்பிட்டு அவர் புதூரிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. கிரேன் வரவில்லை. கார் லாரிக்கு அடியில் சிக்கியபடியே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஃபோனை எடுத்துப் பதினான்கு படம் பிடித்திருக்கிறார். "மச்சானை அந்தக் கோலத்துல எடுத்தியா"ன்னு அக்கா திட்டும் என்று பயந்து வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. என் அறையில்தான் முதலில் காட்டினார்.

பெரும்பாலானவை கை நடுங்கி எடுத்தவை. ஒன்றில் லாரியின் முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்த ஒரு கல் தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்: ஓடுகிற லாரிக்கு யார் கல் வைப்பார்கள்? அந்தச் சந்தோஷம் விசாரணையில் அரை நிமிஷம்தான் நீடித்தது. "கல் எப்ப வச்சாங்கன்னு ஃபோட்டோ சொல்லுமா?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. விபத்துக்குப் பிறகு, லாரி நகராமல் இருக்க வைத்தது என்றார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பதினோராவது படத்தை எடுத்த தம்பிக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உட்கார்ந்து, லாரிக்கு அடியில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தது; மச்சானின் செருப்பு அங்கே கிடக்கிறதா என்று தேடியிருக்கிறார். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தது மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் சாலை எங்கும் மின்னியது, ஈரத் தார். லாரியின் அடிப்பாகத்துக்கு நேர் கீழே மட்டும் மின்னவில்லை. அங்கே தார் சாம்பல் நிறத்தில், காய்ந்து, லாரியின் நீள அகலத்துக்கு ஒரு பாய் விரித்த மாதிரி கிடந்தது. அந்தப் பாயின் ஓரம், சக்கரத்துக்கு வெளியே, கத்தரித்த மாதிரி ஈரமாக மாறியது. படத்தின் இடப்பக்கம் கண்ணாடித் தூள் சிதறிய இடத்தில், காருக்குக் கீழே, தார் நனைந்திருந்தது.

அன்றிரவு அந்தப் பக்கம் தூறல். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய மகஜரிலேயே 'சாலை ஈரமாக இருந்தது' என்று இருக்கிறது. மழை பெய்யும்போது அந்த இடத்துக்கு மேலே லாரி நின்றிருந்தால்தான் கீழே காய்ந்திருக்கும். ஓடி வந்து மோதலுக்குப் பிறகு நின்ற லாரி என்றால், நனைந்த சாலை மீதுதான் நின்றிருக்கும். கார் மழைக்குப் பிறகு வந்தது, அதன் கீழே ஈரம். லாரி மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தம்பியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பினால் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் உதிர்ந்துபோகும். ஃபோனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். எங்கள் மனு 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்ததால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி. இப்போது போடுகிறவர்களுக்கு பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் பிரிவு 63.

அடுத்தது சுங்கச்சாவடி. லாரிக்கும் ஃபாஸ்டேக், காருக்கும் ஃபாஸ்டேக். கேமராப் பதிவைக் கேட்டு எழுதியபோது அதன் மீது புதுப் பதிவு ஏறிப் பழையது அழிந்துவிட்டது. நாங்கள் கேட்டதே தாமதம். ஆனால் கட்டணப் பதிவு இருந்தது. தீர்ப்பாயத்துக்கு ஆவணங்களை வரவழைக்கிற சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு. மனு போட்டு வரவழைத்தோம். வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ் நேரத்தை நம்பக் கூடாது, அது பிந்தி வரலாம். லேனில் டேக் படிக்கப்பட்ட நேரம் வேண்டும். லாரி கடந்தது 1:31. கார் கடந்தது 2:36. 108-க்கு டிரைவர் பேசியது 2:44.

மெதுவாக ஓட்டி வந்தேன் என்றாரே, நாலரை கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா? சாமி தேர் கூட அதைவிட வேகமாகப் போகும்.

இதே கணக்கை வைத்து காரின் வேகத்தையும் நிரூபித்துவிடலாம் என்று என் ஜூனியர் குதித்தார். எட்டு நிமிஷத்தில் நாலரை கிலோமீட்டர், அப்படியானால் வேகம் 34 கிலோமீட்டர்தான் என்று. தப்பு. மோதியது எந்த நிமிஷம் என்று நமக்குத் தெரியாது. 108-க்குப் பேசியதுதான் தெரியும். மூன்று நிமிஷத்தில் மோதியிருந்தால் வேகம் 90 ஆகிவிடும். காருக்கு நேரக் கணக்கு உச்ச வேகத்தைச் சொல்லாது. அதை நான் தொடவே இல்லை. பலவீனமான வாதத்தை வைத்தால் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு பலமானதையும் ஆட்டுவார்.

விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த மாதிரி வரைபடம் எங்களுக்குக் கஷ்டம் கொடுத்தது. அதில் லாரி மண் ஓரத்தில் முழுசாக ஒதுங்கியிருக்கிற மாதிரி ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். மகஜரிலோ கண்ணாடித் துண்டுகள் வெள்ளைக் கோட்டிலிருந்து மூன்றடி உள்ளே, வாகனங்கள் ஓடுகிற பாதையில் கிடந்ததாக இருந்தது. ஒரே நாளில் எழுதிய இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குமாஸ்தாவோடு டேப் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் ஓரம் 1.5 மீட்டர், அதற்கப்பால் சரிவு. லாரியின் அகலம் இரண்டரை மீட்டர். எப்படி ஒதுக்கினாலும் ஒரு மீட்டர் சாலைக்குள் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மூன்றடியும் ஒரு மீட்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மகஜர் சரி, வரைபடம் பிழை.

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் வழக்கமான ஒரு வரி: இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை. லாரியின் வலது டெயில் லைட் உடைந்திருந்தது, இடது லைட் உடையவில்லை. இடதைப் போட்டுப் பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். பார்க்கவில்லை. பின்பக்க ரிஃப்ளெக்டர் பட்டை இருந்ததா? குறிப்பிடவில்லை. நின்றிருக்கும் லாரியின் பின்னால் இரண்டு சிவப்பு பார்க்கிங் விளக்கு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 109. தம்பியின் ஒன்பதாவது படத்தில் லாரியின் பின்கதவு முழுக்கச் சிமென்ட் தூசி அப்பியிருந்தது. ஃப்ளாஷ் போட்டும் ரிஃப்ளெக்டர் ஒன்றுகூடத் திருப்பி மின்னவில்லை.

இங்கே ஒரு வாய்ப்பைத் தவறவிட்டோம், இன்னும் மனசு ஆறவில்லை. பழைய இழை பல்பு ஒரு சாட்சி. எரிந்துகொண்டிருக்கும்போது அடிபட்டால் சூடான இழை இளகி, சுருள் இழுபட்டு நீளும். எரியும்போது கண்ணாடி உடைந்தால் காற்றுப் பட்டு இழை கறுத்து, மஞ்சள் வெள்ளைத் தூள் படியும். அணைந்திருந்தால் சுருள் கலையாமல், பளபளவென்று முறிந்து நிற்கும். அந்த வலது பல்பை யாராவது எடுத்து வைத்திருந்தால், விளக்கு எரிந்ததா என்ற கேள்விக்கு ஒரு லென்ஸே பதில் சொல்லியிருக்கும். நாங்கள் போய்ப் பார்க்கும்போது லாரி விடுவிக்கப்பட்டு, புது லைட் மாட்டி, தூத்துக்குடி போய்விட்டது.

பிரேக் பிடித்த தடம் இல்லையே, தூங்கிவிட்டார் என்பது எதிர்த்தரப்பு வாதம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ் பிரேக் உள்ள கார் பழைய கார் மாதிரி கறுப்புக் கோடு போடாது, அதிலும் ஈரச் சாலையில். அதோடு ஒரு கணக்கையும் வைத்தேன். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, அதற்குள் 33 மீட்டர் போய்விடும். ஈரத் தாரில் நிற்க இன்னும் ஐம்பது மீட்டர். லோ பீமில் விளக்கில்லாத தூசி படிந்த லாரி நாற்பது, ஐம்பது மீட்டருக்கு முன்னால் தெளிவாகத் தெரியாது. தெரிந்த பிறகு நிறுத்த வழியில்லை. இந்தக் கணக்கு எங்களையும் வெட்டும் என்று தெரிந்தேதான் வைத்தேன். அப்படியானால் ஈரச் சாலையில் ஏன் 80-இல் வந்தார் என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

இன்சூரன்ஸ் தரப்பு லாரி டிரைவரைக் கூண்டில் ஏற்றியது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கல்லைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ முதலில் கேட்கவில்லை.

"அன்னைக்கு மழை பெஞ்சுச்சா?"

"லேசாத் தூறுச்சுங்கய்யா."

"எத்தனை மணி இருக்கும்?"

"ரெண்டு ரெண்டே கால் இருக்கும்."

"அப்ப நீங்க ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"வைப்பர் போட்டீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "கண்ணாடி தொடைக்க எறங்க வேண்டியதில்லீங்களே. உள்ளதான படுத்துருந்தேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றார், ஆனால் பதில் பதிவாகிவிட்டது. அதன் பிறகு பதினோராவது படத்தைக் காட்டினேன். அதை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு நாள் தூங்காமல் ஓட்டி, கண் சொக்கி, கிடைத்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். லாரி நிறுத்தும் இடம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்பதும் ஒரு கேள்விதான். ஆனால் நாலு பச்சைக் கிளையை ஒடித்துப் பின்னால் போட்டிருந்தால்கூட அந்த மனிதர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

2025-இல் தீர்ப்பு வந்தது. லாரி விளக்கில்லாமல் ஓடுபாதையில் நின்றிருந்தது நிரூபணமாகிவிட்டது. லாரி 80, கார் 20 சதவீதம். அந்த 20, ஈரச் சாலையில் வேகத்தைக் குறைக்காததற்கு. சுஷ்மா வழக்கைக் காட்டி அதுவும் கூடாது என்று வாதிட்டேன், எடுபடவில்லை. வருட வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு, 46 முதல் 50 வயதுக்கு உரிய 13 என்ற பெருக்கியை வைத்து மீதிக் கணக்கு போட்டார்கள்.

அந்தம்மா தொகையைக் கேட்கவில்லை. "அந்த இருபது எதுக்கு சார்? அவரு வேகமாப் போற ஆளே இல்லியே" என்றுதான் கேட்டார். வேகம் என்று சொல்லவில்லைம்மா, இன்னும் மெதுவாக வந்திருக்கலாம் என்கிறார்கள் என்றேன். அந்த விளக்கம் அவருக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

இன்சூரன்ஸ் தரப்பு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல் போட்டிருக்கிறது. நாங்கள் அந்த இருபதை எதிர்த்துப் போட்டிருக்கிறோம். அதே மேலூர் சாலையில்தான் கிளை நீதிமன்றமும். போன மாதம் தம்பி வந்திருந்தார். ஃபோன் திரை உடைந்துவிட்டது, பேட்டரி உப்பிவிட்டது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், பழசை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், உப்பின பேட்டரியைக் கடையில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள் என்றேன். இப்போது அது அக்காவின் பீரோவில், மச்சானின் வேட்டியில் சுற்றி வைத்தபடி இருக்கிறது.